ரப்பர் வைத்த வண்டி

பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதனால் வண்டி நடுங்கும். ஐநூறு சிசி, அறுநூற்றைம்பது, எழுநூற்றைம்பது என்று கம்பெனி எஞ்சினைப் பெரிதாக்கப் பெரிதாக்க நடுக்கமும் கூடியது. அத்தனையையும் ஓட்டிப் பார்த்துச் சரி சொன்னவர் டெஸ்ட் டிரைவர். அந்த நடுக்கத்தில் அவருடைய விரல்கள் மரத்துப்போய் வெகுநாளாகிறது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

எஞ்சினை ரப்பரில் உட்கார வைத்த, நடுங்காத புது மாடல் வந்தது. அந்த ரப்பரை முதலிலேயே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

புது மாடல் என்று ஃபிட்டர்கள் கொடுத்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி போகுதுப்பா. ஆட்டமே இல்ல."

பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, அது பழைய வண்டி! புது டேங்க் மட்டும்தான் மாட்டினோம். உங்களையே ஏமாத்திட்டோம் பாத்தீங்களா!"

அவரும் சிரித்தார். ஃபோர்மேன் மட்டும் சிரிக்காமல் இவர் கைகளையே பார்த்தார்.

"நாளைலேர்ந்து பேக்கிங் பக்கம் வந்துடுங்க."

"சரிங்க."

வீட்டில் மனைவி பொத்தான்களைக் கழற்றினாள். "என்ன, இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"இனிமே வண்டி ஓட்ட வேண்டாமாம்."

தனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.