அண்ணன் வாயைத் திறக்காத நாட்கள்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. ஐந்தருவி போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. துண்டு, சோப்பு, எண்ணெய் என்று குளிக்க வருகிறவர்களுக்குத் தேவையானதை விற்பேன். அந்த இரண்டரை மாதம் ஓடினால்தான் வருடத்தின் மீதி நகரும். காலை ஆறு மணிக்குத் தென்காசி வீட்டிலிருந்து கிளம்பிவிடுவேன். மதியம் ஒரு எட்டு வந்து அண்ணனுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்பவும் கடைக்கு ஓடுவேன்.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். புளியறை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டியவர். அண்ணியும் போய், பிள்ளைகளும் இல்லாததால் எங்களோடு இருந்தார். பக்கவாதம் வந்து படுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. "சரி." பசிக்கிறதா என்று கேட்டாலும் சரி, ஃபேனை நிறுத்தவா என்று கேட்டாலும் சரி. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் வாயில் சரி என்றுதான் வரும், ஆனால் நாம் பேசுவது அவருக்குப் புரியும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தால் எத்தனை நாள்தான் கேட்பது? கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டோம்.

அந்த ஆடியில் அண்ணன் சாப்பிட மறுக்க ஆரம்பித்தார். கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். உள்ளே போனதையும் துப்பிவிடுவார். மூன்று வேளையும் அரை டம்ளர் கஞ்சிதான் இறங்கும். அதுவும் ஆறிப்போயிருந்தால்தான்.

"அத்தானுக்கு உள்ள என்னமோ செய்யுது. ஆள் பாதியாப் போயிட்டாரு, பாருங்க" என்று என் மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வீம்பு. நான் நேரத்துக்கு வரலைன்னு கோவத்தக் காட்டுதாரு" என்றேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை. அருவியில் நல்ல கூட்டம். பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே பைக்கில் வந்தேன். முதல் வாய்ச் சோற்றை அண்ணன் என் சட்டையிலேயே துப்பினார். தாடையைப் பிடித்து அழுத்திக் கரண்டியை உள்ளே தள்ளினேன். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார். தட்டு விழுந்து சோறு கட்டிலெல்லாம் சிதறியது. நான் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. "சரி" என்றார்.

சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன். இருட்டும்வரை துண்டு விற்றேன்.

இரண்டு நாள் கழித்து, முகம் துடைக்கும்போது கன்னம் வீங்கியிருப்பதை மனைவி பார்த்தாள். நான் அறைந்த பக்கம்தான். என் கை பட்டுத்தான் வீங்கியது என்று நினைத்தேன். டார்ச் அடித்து மெதுவாக உதட்டை விலக்கிப் பார்த்தோம். நாற்றம் முகத்தில் அடித்தது. கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகி உடைந்து, அதன் முனை நாக்கின் ஓரத்தை அறுத்து வைத்திருந்தது. பக்கத்துப் பல் ஆடியது. ஈறு முழுக்கச் சீழ். ஆறு வருடமாக அவர் வாயை ஈரத் துணியால் முன்பக்கம் மட்டும்தான் துடைத்திருக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

உடனே பல் டாக்டரைத் தேடிக் கிளம்பினேன். முதலில் போன இடத்தில், "கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம்" என்றார்கள். நிமிர்ந்து உட்கார மாட்டார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். இன்னோர் இடம் மாடியில் இருந்தது. கொண்டு வந்தால் பார்க்கிறேன் என்று அந்த டாக்டர் சொன்னதே பெரிய விஷயம். ஒரு வேன் பிடித்து, தெருக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணனை உட்காரவைத்துத் துண்டால் கட்டி, அந்தக் குறுகலான படியில் தூக்கிப் போனோம். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது அவர் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அதுவும் "சரி, சரி" என்றுதான்.

காத்திருக்கிற இடத்தில் பயத்தில் அவருக்குச் சிறுநீர் போய்விட்டது. குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து தள்ளிப் போய் நின்றார். நான் குனிந்து தரையைத் துடைத்தேன். டாக்டர் வெளியே வந்து பிரஷர் பார்த்தார்.

"எக்கச்சக்கமா இருக்கு. இதுல நான் கை வச்சா ரத்தம் நிக்காது. ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்ய? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படியில் இறக்கியதிலேயே அண்ணனுக்குப் படுத்தே கிடந்ததில் முதுகில் வந்திருந்த புண் கிழிந்துவிட்டது. ராத்திரியே காய்ச்சல். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற நிலையில் அவர் இல்லை.

வலி மாத்திரை வாங்க மூன்றாவது நாளும் போனபோது, மெடிக்கல் கடைக்காரர் நிறுத்திக் கேட்டார். "அண்ணாச்சி, ஏற்கெனவே ரத்தத்துக்கு மாத்திரை வாங்குதீய. அதோட இதையும் போட்டா வயித்துல ரத்தம் கசிஞ்சிரும். யாருக்கு இது?" விஷயத்தைச் சொன்னேன். செங்கோட்டை தாண்டிப் புளியறை ரோட்டில் ஒரு பெண் பல் டாக்டர் இருப்பதாகவும், தன் மாமியாரை வீட்டுக்கே வந்து பார்த்ததாகவும் சொன்னார். கடையைத் திறக்காமல் நேரே அங்கே போனேன்.

அந்த டாக்டர் கேரளாவிலிருந்து இங்கே வாழ வந்தவர். அண்ணன் வாயைப் போனில் நான் எடுத்துப்போன படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். மாத்திரைச் சீட்டை வாங்கி, பக்கவாதத்துக்குப் பார்க்கிற டாக்டருக்கு அவரே போன் போட்டுப் பேசினார். "வருவேன். ஆனா பிடுங்க முடியுமான்னு பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாரலில் ஸ்கூட்டரில் வந்தார். தலையில் மாட்டிக்கொள்கிற விளக்கு, இரண்டு ஸ்டீல் டப்பா, ஒரு பை. அண்ணன் அவரைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். டாக்டர் எதையும் வெளியே எடுக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, "பேடிக்கண்டா, பயப்படாதீங்க" என்றார். பிறகு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"சரி."

நான் முந்திக்கொண்டு, "அவரு எது கேட்டாலும் அதான் சொல்லுவாரு டாக்டர்" என்றேன்.

"இடது கை நல்லாத்தானே இருக்கு?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அண்ணனின் விரல்களுக்குள் தன் கையை வைத்தார். "அண்ணா, ஆமான்னா அழுத்துங்க. இல்லைன்னா சும்மா விடுங்க. வலிக்குதா?"

அண்ணன் அழுத்தினார். டாக்டரின் விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு. விடவேயில்லை.

"ஒரு வாரமாவா?" கை தளர்ந்தது. "ஒரு மாசமா?" கை அசையவில்லை. "அதுக்கும் மேலயா?" மறுபடி அழுத்தினார்.

என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தக் கை ஆறு வருடமாக அங்கேயேதான் இருந்தது.

சீழ் வற்ற மருந்து கொடுத்து, பிரஷர் இறங்கிய பிறகு வியாழக்கிழமை வந்து இரண்டு பல்லையும் எடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பயந்த மாதிரியே ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை மடித்து வைத்து, அதன்மேல் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். மதியம் மூன்று மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை பஞ்சை மாற்றி மாற்றி அழுத்தியபடி இருந்தேன். டாக்டரும் போகாமல் கூடவே இருந்தார். அண்ணன் என்னைக் கடிக்கவில்லை. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்து நாளில் குழைந்த சோறும் ரசமும் சாப்பிட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கைதான் எங்கள் பேச்சு. புரண்டு படுக்கவா, வெளிச்சம் கூசுதா, ரோட்டில் போகிற லாரிச் சத்தம் கேட்க ஜன்னலைத் திறக்கவா என்று எல்லாம் கேட்டோம். பருப்பு சாதம் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடமாக அதைத்தான் ஊட்டியிருக்கிறோம்.

ஒருநாள் தனியாக இருக்கும்போது கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு நான் அடிச்சது ஞாபகம் இருக்கா?" அழுத்தினார். என் மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தை மாதம் நெஞ்சில் சளி கட்டி அண்ணன் போய்விட்டார்.

உறவிலோ தெருவிலோ யாராவது படுக்கையில் விழுந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் என்று இப்போது நானாகவே போய்ச் சொல்கிறேன். ஆனாலும் கூடப்பிறந்தவர் ஒன்றரை மாதம் என் கண்ணெதிரே வலியும் பசியுமாகக் கிடந்தபோது அதை வீம்பு என்று நினைத்த என்னை, இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.