நாற்பத்தேழாம் எண்

ஏகாம்பரம் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று ஒரகடத்திலிருந்து சூப்பர்வைசர் தேவராஜ் போனில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். எதையும் நாலு தடவை சொல்லிவிட்டுச் செய்கிற மனிதர், இதை மட்டும் சொல்லாமல் செய்துவிட்டார்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அந்த ஆளோடு குப்பை கொட்டுவது லேசல்ல. நம் கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் பிளாண்டில் ஒரு டேட்டாபேஸ், ஒரகடத்தில் வேறொன்று. ஒன்றுக்குப் புரியும் கட்டளை மற்றதற்குப் புரியாது. தகவல் சேமிக்கும் டேபிளின் அமைப்பில் ஒரு மாற்றம் என்றால் இரண்டு இடத்திலும் கையால் செய்து, ஒன்றில் மறந்து, திட்டு வாங்குவோம். ஏகாம்பரம் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் போட்ட ஒரு ஃபைல். புரோகிராம் அதை அந்தந்த டேட்டாபேஸின் பாஷையில் ஓட்டும், ஓடிய எண்ணைக் குறித்துக்கொள்ளும், குறித்ததை மறுபடி தொடாது.

அதோடு விட்டாரா? ஒரு சட்டமும் போட்டார். "ஓடிப்போன நம்பரை அட்ச்சி திர்த்தாதபா. தப்பா இருந்தா அடுத்த நம்பர் போடு."

"ஏல ஏகா, ஒரு எழுத்தை மாத்த ஒரு தனி ஃபைலா? கிறுக்கா ஒனக்கு?" என்று கத்துவேன். அவர் டீயை ஊதிக்கொண்டே தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டி லேபிளில் வரும் லாட் நம்பருக்குப் பத்து எழுத்து இடம் கொடுத்தது நாற்பத்தாறாம் ஃபைல். ஒரகடத்தில் ஓடிவிட்டது, ஸ்ரீபெரும்புதூரில் இன்னும் ஓடவில்லை. மறுநாளே பன்னிரண்டு வேண்டும் என்றார்கள். ஏகாம்பரம் லீவில் இருந்தார். நான் நாற்பத்தாறையே திறந்து திருத்திவிட்டேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பன்னிரண்டு கிடைத்தது. ஒரகடமோ நாற்பத்தாறு ஏற்கெனவே ஓடியதென்று தாண்டிப் போனது. அங்கிருந்த டேட்டாபேஸ் பிழை என்றுகூடச் சொல்லாமல் கடைசி இரண்டு எழுத்தை வெட்டிப்போட்டது.

லேபிளில் நம்பர் குறைகிறதென்று ஒரகடத்துப் பெட்டிகள் திரும்பி வந்தன. பழி செல்விமேல் விழுந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, லாட் நம்பரைத் தட்டி லேபிள் எடுக்கும் பெண். "பன்னெண்டும் அடிச்சேன் சார், சத்தியமா" என்று அழுதாள். தேவராஜ் நம்பவில்லை. லைனை விட்டு இறக்கி, மறுநாள் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே லீவு முடிந்து வந்த ஏகாம்பரம் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "சத்தமில்லாம நாப்பத்தேழைப் போட்டுருவோம்" என்றேன்.

"போடலாம். மொதல்ல அந்தப் பொண்ணு எதிர்ல போயி நாந்தான் திர்த்தினேன்னு சொல்லு. வர்ற வரைக்கும் நா கீபோர்டைத் தொட மாட்டேன்."

திட்டிக்கொண்டேதான் போனேன். மொத்த லைனும் பார்க்க, தேவராஜிடம் சொன்னேன். செல்வி கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாற்பத்தேழாம் ஃபைலின் தலையில் ஏகாம்பரம் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்: "செல்வி முழுசாத்தான் அடிச்சாங்க. வெட்டினது நாங்க." நான் வெட்டியதை நாங்கள் என்று ஏன் போட்டாய் என்று அதற்கும் சண்டை பிடித்தேன்.

போன வாரம் கூப்பிட்டார். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வரச் சொல்லி ஆரம்பித்து, "அப்புறம், ஒண்ணு சொல்லணும்பா" என்றார். "ஒன் புராணத்தைப் பொறவு கேக்கேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தச் சட்டம்தான். போன வாரத்தைத் திறந்து திருத்த முடியாது. அதனால் அடுத்த எண்ணாக இதை எழுதுகிறேன்: ஏகாம்பரம் முழுசாகச் சொல்லத்தான் வந்தார். வெட்டினது நான்.