சிவப்புக் கோடு போட்ட மூன்று வரிகள்

1. புகார்

எண்பதுகளில் பம்பாயில் ஒரு பள்ளிக் கல்வி அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பு கிளார்க். மாட்டுங்காவில் வீடு. தமிழ் மீடியம் பள்ளிகளிலிருந்து வரும் கடிதங்களை இங்கிலீஷில் டைப் செய்து கொடுப்பது என் வேலை. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு மழை நாளில், தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த கணபதி என்பவர் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு கதைப் புத்தகம். ஏழாவது படிக்கும் அவர் மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்தது. மூன்று வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"எம்பிள்ள என்னயப் பாத்து, 'இந்த அப்பா எனக்கு வேண்டாம்'னு சொல்லுதா மேடம். எல்லாம் இதுல படிச்சதுதான். பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுக்கியளா?"

புகாரை எழுத்தில் வாங்கி ஃபைல் திறந்தேன்.

2. கமிட்டி

நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை நீக்க எங்கள் அலுவலகத்தில் விதி இருந்தது. மூன்று பேர் கமிட்டி புத்தகத்தை முழுதும் படிக்க வேண்டும். பொறுப்பான ஆசிரியரிடம் விளக்கம் கேட்க வேண்டும். காரணத்தை எழுதித்தான் உத்தரவு போட வேண்டும். ஆனால் கமிட்டியில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பு என்னிடம் வந்தது.

கதையை அன்றே படித்தேன். குடித்துவிட்டு அம்மாவை அடிக்கும் அப்பாவின் குறுக்கே ஒரு சிறுமி போய் நிற்கிறாள். அப்போது அவள் சொல்வதுதான் அந்த மூன்று வரி. அடுத்த பக்கத்தில் அம்மாவிடம், "இனிமே அடி வாங்காதம்மா" என்கிறாள். அந்த வரியின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் பிள்ளைக் கையெழுத்தில் 'எங்க அம்மாவும்' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று எனக்குப் புரிந்தது.

கமிட்டித் தலைவர் ஜோஷி சாஹேப்பிடம், முழுக் கதையையும் மொழிபெயர்க்க இரண்டு நாள் கேட்டேன்.

"பூரா கஹானி கோன் படேகா, மேடம்? லால் லைன்வாலா தே தோ, பஸ்."

முழுக் கதையை யார் படிப்பார்களாம்; சிவப்புக் கோடு போட்டது மட்டும் போதுமாம். விதியைச் சொல்ல வாய் வரை வந்தது. என் பர்மனென்ட் ஆர்டர் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மூன்று வரியை டைப் செய்து கொடுத்தேன். பென்சில் எழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கமிட்டி கால் மணி நேரம் கூடியது. ஆசிரியரைக் கூப்பிடவில்லை. புத்தகம் நீக்கப்பட்டது. பள்ளி நூலகத்தில் அது இருந்த அலமாரியின் மற்றத் தமிழ்ப் புத்தகங்களையும் 'பரிசீலனை முடியும்வரை' பூட்டி வைக்க உத்தரவு. தமிழ் தெரியாதவர்கள் எப்படிப் பரிசீலிப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

3. எஸ்தர் டீச்சர்

ஒரு வாரம் கழித்து, அந்த நூலகத்தைக் கவனித்துவந்த எஸ்தர் டீச்சர் வந்தார். கையில் விக்ரோலிக்கு மாற்றல் ஆர்டர்.

"கமிட்டில ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதாம்லா. நீங்களாவது முழுசாப் படிச்சியளா மேடம்?"

"படிச்சேன்."

"படிச்சுமா இப்படி?"

நான் டீச்சருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அந்தப் பிள்ளயப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டாவ. அவ அம்மையக் கடையில பாத்தேன், கையில மாவுக்கட்டு. வீட்டுக்குப் போனா கதவத் தொறக்க மாட்டேங்காவ."

அன்றைக்கே டீச்சர் பெயரில் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். முழுக் கதையையும், பென்சில் எழுத்தையும் மொழிபெயர்த்து இணைத்து, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். பல மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: முந்தைய உத்தரவில் மாற்றமில்லை. அதற்குள் என் பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டிருந்தது. அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பவேயில்லை. அவள் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பகுதியை மட்டும் மொழிபெயர்க்கச் சொன்னால், 'இது முழுப் புத்தகம் அல்ல' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அன்று அதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.