நூற்றிருபது அடி

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு ராயப்பராஜ், "சிக்கோமோ" என்பார். டீக்கடைக் கண்ணனுக்கு அது பழகிவிட்டது. "சரிங்கண்ணே, சிக்கோமோ" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவான். மலாவி நாட்டில் நன்றிக்கு அப்படித்தான் சொல்வார்களாம். நாகல் நகர் பால்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், கறிக்கடை பாய் என்று எல்லாரும் இந்த நாலு மாதத்தில் அந்தச் சொல்லைப் படித்துக்கொண்டார்கள். படிக்காதது அவர் மனைவி ஆனந்தமேரி டீச்சர் மட்டும்தான். "தமிழ்லயே முப்பது வருசமா எனக்கு ஒரு நன்றி சொல்லல. இதுல ஆப்பிரிக்கா பாஷை வேறயாக்கும்" என்பார் டீச்சர்.

ராயப்பராஜ் எரிந்த மோட்டாருக்குள் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது. சட்டைப் பையில் டெஸ்டர், செருப்பில் குத்திய செம்புக் கம்பித் துணுக்கு, ஆள் வருவதற்கு முன்னால் வந்துவிடும் வார்னிஷ் வாடை. ஒரு மோட்டாரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் பார்க்க மாட்டார், கேட்பார். திருப்புளி முனையை ஓடுகிற மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பேரிங் அழுகுது" என்றால் பேரிங்தான். ஊர் மோட்டாரெல்லாம் அவர் காதுக்குக் கட்டுப்படும். அவர் வீட்டு மோட்டார் மட்டும் மாமரத்தடியில் மூன்று மாதமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. டீச்சர் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஏச்சும் அவர் தொழிலில் ஒரு பகுதி. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயியை முதலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு திட்டுவார். நம் பக்கம் தோட்டத்துக்கு மும்முனைக் கரண்டு முறை வைத்துத்தான் வரும். எப்போது வருமென்று காத்துக் கிடக்க முடியாது என்பதால் ஆட்டோ சுவிட்ச் ஒன்றை மாட்டிவைப்பார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கருகும். "ஏலே அப்பு, காயிலக் கட்டுனது நானு, எரிச்சது நீயி. ஆட்டோவப் போட்டுட்டுக் குறட்டை விட்டியாக்கும்?" ஆட்டோ சுவிட்சை மாட்டிக் கொடுத்ததும் இவர்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் இன்னும் செத்த நேரம் ஏச்சு நீளும்.

இப்பேர்ப்பட்டவர் ஜூன் மாதம் மலாவிக்குப் போனார். திண்டுக்கல்லில் பிறந்த சிஸ்டர் கிளாரா அங்கே ஒரு கிராமத்தில் பெண்பிள்ளைகள் விடுதி நடத்துகிறார். நாகல் நகர்க் கோயில் பங்கிலிருந்து எட்டுப் பேர், பதினேழு நாள் சேவைப் பயணம். பாட மூன்று பேர், மருந்து கொடுக்க இரண்டு நர்ஸ், பாடம் சொல்ல இரண்டு பேர், விடுதியின் பாழாய்ப்போன போர்வெல் மோட்டாரைப் பார்க்க இவர். டீச்சர் பூண்டு ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தார். அவரோ பெட்டியில் பாதிக்குச் செம்புக் கம்பியை அடைத்தார். விமான நிலையத்தில் அதைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, "என்னங்க இது?" என்றதற்கு, "தண்ணி" என்று பதில் சொன்னாராம். இது அவர் சொன்னது. பக்கத்தில் நின்ற நர்ஸ் சொன்னதைக் கேட்டால், பாவம், அழாத குறையாக நின்றாராம்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்து காயில் கட்டினார். மதியம் மக்காச்சோளக் களி, வெஞ்சனத்துக்கு ஏதோ ஒரு கீரை. ஊறுகாய்ப் பாட்டில் பிள்ளைகளிடம் போய்விட்டது. நாலாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. எழுபது பிள்ளைகள் பாட ஆரம்பித்ததும் மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். விடுதியின் சமையற்காரி மெமரி, நாற்பது வயதுப் பெண், மோட்டார் போடுவதும் அவள்தான். அவள் வந்து உள்ளங்கைகளைக் குழித்து மெல்லத் தட்டி, முட்டியை மடக்கித் தாழ்ந்து, "சிக்கோமோ பம்போ" என்றாள். பம்போ என்றால் ஐயா. நன்றி சொல்வதற்கு அங்கே அதுதான் மரியாதை. ராயப்பராஜ் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார், மடக்கலை விட்டுவிட்டார். அவருக்கு வலது முட்டி வலி. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கே மண்டியிடாமல் பக்கவாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிற ஆள்.

தண்ணீர் வந்த சந்தோஷத்தில் இன்னொரு நன்மையும் செய்தார். கையோடு கொண்டுபோன ஆட்டோ சுவிட்சை எடுத்து மாட்டினார். மெமரி வேண்டாமென்று தலையாட்டினாள். "நீ எதுக்கும்மா ஓடி ஓடிப் போடணும்? கரண்டு வந்தா அதுவே ஓடும்!" என்று தமிழிலேயே அடித்துச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் பாடிய மயக்கத்திலும் போட்டோ எடுத்த கூத்திலும், போரில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்று ஒரு வார்த்தை கேட்க மறந்துபோனார்.

திரும்பி வந்தபின் அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே! அந்தப் போரின் ஆழம் நூற்றிருபது அடி. வந்த வாரம் டீக்கடையில் அது நூற்றைம்பது. ஆகஸ்டில் இருநூற்றைம்பது. செப்டம்பரில் நானூறு அடியைத் தொட்டபோது கண்ணன், "இன்னும் ரெண்டு மாசம் போனா எண்ணெய் வந்துரும்ணே" என்றான். கடையே சிரித்தது. இவரும் சிரித்தார். ஆழத்தை மட்டும் குறைக்கவில்லை. ஆட்டோ சுவிட்ச் கதையோ தனி. "ஒரு பொம்பளப்புள்ள ஓடி ஓடிச் சுவிட்ச் போடுறத நான் பாத்துக்கிட்டு இருக்கவா? இப்ப மகராசி காலாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா."

அக்டோபர் வந்தது. மறைபரப்பு ஞாயிறன்று பூசை முடிந்து பத்து நிமிடம் பேச வேண்டுமென்று பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். ராயப்பராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டை சலவைக்குப் போனது.

அந்த வாரம் புதன்கிழமை சிஸ்டரிடமிருந்து போனில் செய்தி வந்தது. 'அண்ணே, சனிக்கிழமையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. பிள்ளைகள் ஆற்றுக்குப் போய்த்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். நாளை மதியம் வீடியோவில் பார்க்க முடியுமா?'

அங்கே அக்டோபர்தான் கடுங்கோடை என்று சிஸ்டர் சொன்னது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. போர் வற்றியிருக்கும். கரண்டு வந்திருக்கும். ஆட்டோ மோட்டாரை ஓட்டியிருக்கும், காயில் கருகியிருக்கும். திருப்புளி வைத்துக் கேட்க என்ன இருக்கிறது? ஆற்றுக்கு இரண்டு மைல். அந்தப் பாதையில் அவரே நடந்திருக்கிறார். இப்போது எழுபது பிள்ளைகள் தலையில் வாளியோடு அதில் போகிறார்கள். இரவு சோற்றை அளைந்துகொண்டிருந்தவர் டீச்சரிடம் மட்டும் சொன்னார்: "நான்தான் எரிச்சுப்புட்டேன் மேரி." டீச்சர் அவர் தட்டில் ரசத்தை ஊற்றினார்.

வியாழக்கிழமை மதியம் பார்த்து நெய்க்காரப்பட்டிக் கண்ணுசாமி எரிந்த மோட்டாரோடு வந்து இறங்கினார். "ஏனுங்க ராயப்பண்ணா, மறுக்காவும் காயில் போயிருச்சுங்க. ஆட்டோவுல போட்டிருந்தனுங்க." சொல்லிவிட்டு, வாடிக்கையான ஏச்சுக்குத் தயாராகத் துண்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஏச்சு வரவில்லை. தண்ணீர்ச் செம்பு மட்டும் வந்தது. கண்ணுசாமிக்குப் பயமாகிவிட்டது. "ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

அதற்குள் போன் அடித்தது. திரையில் சிஸ்டர், பக்கத்தில் மெமரி. "மொதல்ல மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார் இவர். மெமரி பெட்டியைத் திறந்து காட்டினாள். ஆட்டோ சுவிட்ச் இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள்தான் இருந்தன.

"ஆட்டோ எங்க சிஸ்டர்?"

சிஸ்டர் தயங்கினார். "அது வந்துண்ணே... நீங்க பிளைட் ஏறுன மறுநாளே மெமரி கழட்டிருச்சு. ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னு நான் சொல்லல."

மெமரி போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சுவரில் மாதா படம். அதன் பக்கத்து ஆணியில், தூசு துடைத்துப் பளபளவென்று, ராயப்பராஜின் ஆட்டோ சுவிட்ச். அவள் பேசப்பேச சிஸ்டர் தமிழில் சொன்னார். "பம்போ ஆசையாக் குடுத்தது, தூக்கிப்போட மனசு வரலயாம். ஆனா போர்ல காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரந்தான் தண்ணி நிக்குமாம். அது எனக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்குக் கண்ணா இருக்குன்னு கேக்குது."

ராயப்பராஜ் நாலு மாதமாக நாகல் நகர் முழுக்கச் சுமந்து திரிந்த பெருமை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மனிதருக்கு அவமானத்தை முந்திக்கொண்டு நிம்மதிதான் வந்தது. காயில் எரியவில்லை! "ஸ்டார்ட்டர் மூடியக் கழட்டச் சொல்லுங்க, வெரசா" என்றார். கழற்றினால் உள்ளே, முனைகள் ஒட்டுகிற இடத்தில், ஒரு பல்லி செத்துக் காய்ந்திருந்தது. நெய்க்காரப்பட்டியானாலும் மலாவியானாலும் பல்லிக்குப் போக்கிடம் ஒன்றுதான். மெமரி குச்சியால் அதைத் தள்ளி, உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, மூடியைப் பூட்டி, மெயினைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

ராயப்பராஜ் திரையைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஓடுது" என்றார். செத்த நேரம் கழித்து, "வாளியில விழுகுது" என்றார். கண்ணோரம் நனைந்திருந்தது.

போனை வைத்தபிறகு கண்ணுசாமியைப் பார்த்து, தொழிலுக்கு வந்து முப்பது வருடத்தில் கேட்டிராத ஒன்றைக் கேட்டார். "ஒங்க கெணத்துல எம்புட்டு நேரந்தான் தண்ணி நிக்கும்?"

கண்ணுசாமி தலையைச் சொறிந்தார். "அது ஊட்ல அவளத்தானுங்க கேக்கோணும். அவதானுங்க தண்ணி கட்டறது."

"அப்ப அவுகளயும் கூட்டிட்டு வாங்க. பேசிட்டுத்தான் காயிலக் கட்டுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கண்ணன்கூட கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நின்றான். பங்குத்தந்தை உற்சாகமாக ஆரம்பித்தார்: "ஆப்பிரிக்க மண்ணில் நானூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்த நம் சகோதரர்..."

வெள்ளைச் சட்டையில் ராயப்பராஜ் மைக்கைப் பிடித்தார். "நூத்தி இருபதுங்க ஃபாதர்" என்றார். கோயில் சிரித்தது. பெண்கள் பக்கம் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நூத்தி இருபது அடிதான். நான் காயில் கட்டுனேன், அம்புட்டுத்தான். நான் மாட்டுன ஆட்டோவ மாட்டுனபடி விட்டிருந்தா இந்நேரம் எரிஞ்சிருக்கும். அந்த மோட்டாரு ஓடுதுன்னா, அங்க சமைக்கிற மெமரின்னு ஒரு அம்மாவாலதான். வேணாம்னு அவுக தலையாட்டுனாக. நான் கேக்கல."

பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எப்படி முடிப்பதென்று தெரியாமல் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபாதர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் ராயப்பராஜ் மைக்கை விட்டு ஓரடி நகர்ந்து, உள்ளங்கைகள் இரண்டையும் குழித்து, எழுந்தேற்றத்துக்கே மடங்காத வலது முட்டியை மடக்கித் தாழ்ந்து, மெல்ல இரண்டு முறை தட்டினார்.