தாயம்மாவுக்கு நடுத்துண்டு

செவ்வாய் கிரகத்தில் யாராவது செத்தால்கூட மந்தைவெளிக்குத்தான் போன் வரும், நாகராஜ் மாமாவைக் கானா பாட அனுப்பச் சொல்லி. அவர் பாடினால் பிணம் தாளம் போடும். ஐஸ் பெட்டிக்குள் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மற்ற நேரத்தில் அபிராமபுரம் வீடுகளுக்குத் தண்ணி கேன் போடுகிறவர். பாட்டெல்லாம் அவரே கட்டுவது. அம்மா செத்த வீட்டுக்கென்று ஒரு பாட்டு தயாராக வைத்திருக்கிறார். பெயரை மட்டும் மாற்றினால் போதும், எங்கள் ஆற்றோரம் முழுக்க அழும். அதில் மூன்றாவது வரி, 'பட்டினி கெடந்து எனக்குச் சோறு போட்டியே'.

அவரைப் பெற்ற தாயம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. "இன்னாடா, உன் பாட்டுல எல்லா ஆத்தாளும் பட்டினியாவே கெடக்குறாளுங்க. ஒருத்தியாவது பிரியாணி துன்னுட்டு சாவட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தாயம்மா செத்தபோது மாமாவுக்கு வாயே திறக்கவில்லை. ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடினவன் பெத்தவளுக்குப் பாடலையே என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் அம்மாவுக்கென்றே ஒரு புதுப் பாட்டு ஸ்பீக்கரில் ஓடியாகணும் என்று உட்கார்ந்தார்.

கேன் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி, காலி கேனில் தாளம் தட்டிப் பாடினார். என் போனில் பதிவு. முதல் இரண்டு வரியும் புதுசுதான். ஆனால் அது எத்தனையோ சாவில் பாடின வாய். மூன்றாவது வரி வந்தால் தானாகப் பட்டினிக்குப் போய்விடும். உடனே நிறுத்தி, இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையால் தன்னையே திட்டிக்கொள்வார்.

"அது எங்கடா பட்டினி கெடந்துச்சு? மொதல்ல தான் துன்னுட்டுதான் எனக்குப் போடும். கேட்டா, நான் மயங்கி வுழுந்தா உனக்கு யார்டா ஆக்கிப்போடுவான்னும்."

அடுத்த தடவையும் பட்டினி. திட்டு.

"வஞ்சிர மீன்ல நடுத்துண்டு அதுக்கு. வாலு எனக்கு. சிரிக்காத நைனா, மறுபடி போடு."

இன்னொரு தடவை பாட்டை விட்டுவிட்டு வெறும் கேனைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரில இட்லி குடுத்தேன். மொதல்ல நீ துன்னுடான்னிச்சு. அப்பதான் தெரிஞ்சுது, போவப் போவுதுன்னு."

கடைசியில் தோற்றுப்போய், பழைய பாட்டையே தாயம்மா பெயரைப் போட்டு ஒரே மூச்சில் பாடி முடித்தார். சுத்தமாக வந்தது.

"கெட்டுப்போனதெல்லாம் அழிச்சிடு" என்றார்.

"அழிச்சிட்டேன் மாமா" என்றேன்.

காரியத்தன்று தெருவில் சாமியானா. ஆற்றோரக் குடிசையை இடித்து அரசாங்கம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப்போட்ட சொந்தமெல்லாம் பஸ் மாறி மாறி வந்திருந்தது. போனை ஸ்பீக்கரில் சேர்க்கிற வேலை எனக்கு. கை தவறிவிட்டது. பழைய பாட்டுக்குப் பதில் கெட்டுப்போன பதிவெல்லாம் ஓட ஆரம்பித்தது.

வஞ்சிரம் வந்தபோது தாயம்மாவின் தங்கச்சி முத்துலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "எங்கக்கா என் தட்டுலேர்ந்தும் எடுக்கும்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னது. இட்லி வந்தபோது அதே முந்தானை கண்ணுக்குப் போனது. மாமா சாமியானா கம்பத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு இலை எடுத்த பிறகு என்னைக் கேன் கடைக்குக் கூப்பிட்டார்.

"அழிச்சிட்டேன்னியே."

"மறந்துட்டேன் மாமா. இன்னிக்குக் கை வேற தவறிடுச்சு."

"ம். கை தவறிடுச்சு." ஒரு கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "நடுவுல நடுவுல அசிங்க அசிங்கமா திட்டுனேனே, அதுல ஒண்ணுகூடக் காணோமே நைனா. அதுவும் கை தவறித்தான் வெட்டிக்கிச்சா?"