கோட்டை என்றொரு பகிடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் குரொய்டனில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். எங்கள் மனேஜர் வாயைத் திறந்தால் ‘அடுத்த தலைமுறை’, ‘உடைக்கவே முடியாத பாதுகாப்பு’, ‘மிலிட்டரி தரம்’. சாமான் என்னவோ பழைய சாமான்தான், உறைதான் புதிது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எரிச்சலில் ஒரு பகிடி செய்தேன். பிரிண்டர் போன்ற கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சின்னப் புரோகிராமை டிரைவர் என்போம். நான் எழுதியது இல்லாத ஒரு கருவிக்கான டிரைவர். ‘கோட்டை’ என்று பெயர் வைத்தேன். எந்தக் கோப்பை அனுப்பினாலும் வாங்கி, ஒரு எழுத்தைக்கூட வைத்துக்கொள்ளாமல் எறிந்துவிடும். பிறகு திரையில் இங்கிலீஷில் பெருமையடிக்கும்: ‘மிலிட்டரி தரத்தில் பூட்டப்பட்டது. இனி உலகில் எவராலும் திருட முடியாது.’ இல்லாததை எவன் திருடுவான்? வேலையிடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுவைத்தேன்.

வீடு தோர்ண்டன் ஹீத்தில். மேல் அறையில் நான், கீழ் அறையில் ஓர் அண்ணை. ஊரில் கந்தோரில் கிளார்க், இங்கே பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். அவருடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. தன் தம்பியை ஆமிக்காரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போனதை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, அதை எப்படியோ லண்டன் வரை கொண்டுவந்திருந்தார். நேரம், சந்தி, லொறி இலக்கம், பார்த்தவர்களின் பேர் எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கொப்பியை விட்டால் வழக்கே இல்லை. லோயருக்குக் கொடுப்பதற்காக என் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்து இங்கிலீஷில் அடித்து, ஒரு டிஸ்கில் மட்டும் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு பக்கம் அடிக்க ஒரு மாதம் எடுத்தது.

“தம்பி, ஒருக்கா வாசிச்சுப் பாரன். பிழை கிழை இருக்கும்.”

“பிறகு பாக்கிறன் அண்ணை.”

ஒரு ஞாயிறு பின்னேரம் அடித்து முடித்துவிட்டு, அந்த டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊரில் இன்னும் இருக்கிற ஆட்களின் பேர் அதில் கிடக்கிறதே, ஆராவது எடுத்துப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குக் கொழுப்பு. கோப்பின் பிரதியைக் கோட்டைக்கு அனுப்பிக் காட்டினேன்.

திரையை எழுத்தெழுத்தாக வாசித்தார். “மிலிட்டரி எண்டு கிடக்கு. ஆரின்ர ஆமி?”

“இஞ்சத்த ஆமிதான் அண்ணை.”

“அப்ப ஒருத்தராலும் எடுக்க ஏலாது?”

“ஓம், ஒருத்தராலும் ஏலாது.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். டிஸ்கில் எல்லாம் இருக்கிறதுதானே, வந்து விஷயத்தைச் சொல்லலாம் என்றிருந்தேன்.

திரும்பியபோது குசினியில் கடதாசி எரிந்த மணம். ஊரில் ஆமி சுற்றிவளைப்பு என்றால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது அதுதான், பேர் எழுதிய கடதாசியை அடுப்பில் வைப்பது. ஒரு பிரதியைப் பத்திரமாக ஒளித்துவைத்தால் மற்றப் பிரதிகளை மிச்சம் விடமாட்டார்கள். கொப்பி பாத்திரம் கழுவும் சிங்கில் கரியாய்க் கிடந்தது. பக்கத்தில் டிஸ்க், கத்திரிக்கோலால் நறுக்கிய துண்டுகளாய்.

“இனிப் பயமில்லைத் தம்பி. கோட்டைக்குள்ளதானே கிடக்கு.”

உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்து, “பகிடியோ?” என்று மட்டும் கேட்டார்.

திரும்ப எழுதியதில் நாலு பக்கம் தேறியது. லொறி இலக்கத்தை லோயரிடம் ஒன்று சொன்னார், விசாரணையில் இன்னொன்று சொன்னார். முன்னுக்குப் பின் முரண் என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அவர் ஈஸ்ட் ஹாமுக்கு அறை மாறிப் போனார். அவருடைய முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அங்கே ஒரு மரக்கறிக் கடையில் அவரிடம் அகப்பட்டுக்கொண்டேன். அப்பீல் நடக்கிறது என்றார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“தம்பி, லொறியின்ர கடைசி ரெண்டு இலக்கம் நாப்பத்தேழோ, எழுபத்திநாலோ? நீ அண்டைக்கு வாசிச்சனீ எல்லோ?”

“இல்லை அண்ணை. நான் வாசிக்கேல்லை.”

கையை விட்டார். வெண்டிக்காய்களை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துப் பையில் போட்டார்.

“வாசிச்சிருந்தா உனக்கெண்டாலும் ஞாபகம் இருந்திருக்கும்.”