சின்னம்மாவின் செய்மதி மணிக்கூடு

சின்னம்மாவை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அம்மாவின் தங்கையான அவர் கரம்பொன்னில் ஒரு மீன்பிடிச் சங்கத்தில் கிளாக்கராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய் அவருடைய மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்வேன். சங்கம் பூட்டும்வரை அவர் எனக்கு மட்டுமே சொந்தம்.

அந்தச் சொந்தத்தில் பங்கு கேட்டு ஒரு மணிக்கூடு வந்து சேர்ந்தது. சிவப்பு இலக்கங்கள் ஒளிரும் சுவர் மணிக்கூடு, யாரோ கொடுத்த அன்பளிப்பு. ஊர்காவற்றுறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் அதைச் சுவரில் பூட்டினார். அதிலிருந்து இறங்கிய மெல்லிய வயரின் நுனியில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதை யன்னல் விளிம்பில் வைத்தார்.

"மிஸ், இது மேலை வானத்திலை சுத்துற செய்மதியிலை இருந்து நேரம் எடுக்கும். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. பெட்டிக்கு வானம் தெரிஞ்சால் போதும்."

"கறண்ட் போனால்?"

"திரும்பி வரேக்கை கோடு கோடாய்க் காட்டும். கொஞ்ச நேரத்திலை தானே சரியாகும்."

எனக்கு ஒரே தரத்தில் விளங்கிவிட்டது. சின்னம்மாவோ திரும்பத் திரும்பக் கேட்டார். வந்தவரும் சலிக்காமல் சொன்னார். போகும்போது அவர் நீட்டிய டொபியை நான் வாங்கவில்லை.

அடுத்த வாரம் சின்னம்மா அந்தப் பெட்டியை யன்னலிலிருந்து எடுத்து இரும்பு அலுமாரிக்குப் பின்னால் போட்டார். சுவிட்சை நிறுத்தி மறுபடி போட்டார். இலக்கங்கள் போய்க் கோடுகள் மின்னின. பிறகு போனை எடுத்துக் கவலையான குரலில், "மணிக்கூடு நேரம் காட்டேல்லை, ஒருக்கா வந்து பாக்கோணும்" என்றார்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோசம். சின்னம்மாவுக்கும் அந்த ஆளைப் பிடிக்கவில்லை! அவருக்கு வேலை தெரியாது என்று காட்டத்தான் இந்த வேலை.

அவர் வந்து, பெட்டியைத் தேடி எடுத்து யன்னலில் வைத்தார். நேரம் வரும்வரை இருவரும் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். இலக்கங்கள் வந்து வெகுநேரமாகியும் கவனிக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மணிக்கூடு அடிக்கடி பழுதானது. என் பள்ளிக்கூட வீட்டுவேலைக் கொப்பி பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. ஒருநாள் சின்னம்மா என்னுடைய பூப்போட்ட கோப்பையிலேயே அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சின்னம்மாதான் பெட்டியை எடுத்து அலுமாரிக்குப் பின்னாலை போடுறவ. உங்களை அவவுக்குப் பிடிக்காது!"

சின்னம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பேனையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஓமோ?" என்று கேட்டார் அவர்.

"ஓம்" என்றார் சின்னம்மா. காற்றுப்போல வந்தது சத்தம்.

"அப்ப இனிப் பெட்டியைத் தொடாதையும். நான் சும்மாவே வாறன்."

அதுவரை 'மிஸ்', 'நீங்கள்' என்று பேசியவர் திடீரென 'நீர்' முறைக்கு இறங்கியதை, கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடமே மாதா கோயிலில் அவர்களுக்குக் கலியாணம். வெள்ளைச் சட்டை போட்டு, பூக்கூடையோடு முன்னால் நடந்தது நான். சங்கத்து மணிக்கூட்டைக் குழப்பியதற்குத் தண்டனையாகத்தான் சின்னம்மாவை அவரிடம் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று நம்பி, பீடத்தடியில் விம்மி விம்மி அழுதேன். சின்னம்மா குனிந்து என் கண்ணைத் துடைத்தார்.

"நீ அண்டைக்குச் சொல்லாட்டி இது நடந்திராது, பிள்ளை" என்று காதுக்குள் சொன்னார்.

நான் இன்னும் பெரிதாக அழத் தொடங்கினேன்.